அல்கோத்தின் நீலக் கோட்டு

அன்று விடிந்ததிலிருந்து மழையென்றும் சொல்ல முடியாமல் பனியென்றும் சொல்ல முடியாமல் ஒரு நசநசப்பு இறங்கிக்கொண்டே இருந்தது. வடக்கே எங்கள் காட்டூர் லில்லோசனில் அக்டோபர் கடைசி என்றால் இந்த லட்சணம்தான். ஹில்லெவி விறகடுப்பில் கடமான் எலும்பைப் போட்டு, கேரட்டும் உருளைக்கிழங்கும் அரிந்து போட்டு, சூப்பைக் கொதிக்க விட்டிருந்தாள். வேட்டைக் குழு காட்டிலிருந்து இறங்கியதும் சிக்ஸ்டன் நாய் ரீப்பாவைக் கொண்டுவந்து விடுவான், வந்தவன் ஒரு தட்டு குடிக்காமல் போகமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். நாய்க்கென்று மஜ்ஜை எலும்பு ஒன்றைத் தனியாக எடுத்து ஆற வைத்திருந்தாள்.

சிக்ஸ்டன் வந்தான். வாசலில் பூட்ஸைக் கழற்றாமல் சமையலறை வரைக்கும் வந்து நின்றான். எங்கள் பக்கத்தில் வீடே தீப்பிடித்தாலும் பூட்ஸைக் கழற்றிவிட்டுத்தான் அணைக்கப் போவார்கள். தரையில் ஊறிய சேற்றுத் தண்ணீரையும் அவன் கையில் வெறுமனே தொங்கிய வாரையும் பார்த்ததுமே ஹில்லெவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

"இருட்டுற வரைக்கும் தேடினோம், ஹில்லெவி," என்றான். "சதுப்புக்கு அந்தாண்ட ஒரு கடமானைத் துரத்திக்கிட்டுப் போனா. குரைக்கிற சத்தம் கேட்டுது. அப்புறம் வெடிச் சத்தம். அதுக்கப்புறம் ஒண்ணுமே கேக்கல."

கழுத்துப் பட்டையை மேஜைமேல் வைத்தான். நாய் எங்கே இருக்கிறது என்று காட்டுகிற கருவி அதில்தான் இருந்தது. ஏதோ கிளையில் மாட்டி அறுந்திருந்தது. ஹில்லெவி சூப்பை இறக்கி வைத்தாள். நாய்க்கு ஆற வைத்த எலும்பை என்ன செய்வதென்று தெரியாமல் எடுத்தாள், திரும்ப வைத்தாள்.

நாயை அனுப்பியதே அவள்தான். ஜூலையில் அவள் புருஷன் அல்கோத் விறகுக் கொட்டகையில் கோடரியும் கையுமாக விழுந்து போய்ச் சேர்ந்ததிலிருந்து ரீப்பா அந்தக் கொட்டகை வாசலைவிட்டு நகர மறுத்தது. சாம்பல் நிறம், சுருட்டி முதுகில் ஏற்றிய வால், பார்க்க ஓநாய்க்குட்டி மாதிரி. தட்டில் போட்டதைத் தொடாது. கண்ணை மட்டும் உருட்டி உருட்டிப் பார்க்கும். குழுவின் தலைவன் சிக்ஸ்டன், அவன் குளிர்காலத்தில் ரோட்டுப் பனி வழிக்கிற வண்டி ஓட்டுகிறவன், வந்து தயங்கித் தயங்கிக் கேட்டான். இந்த வருஷம் குழுவுக்கு நாயே இல்லை, ரீப்பாவை அனுப்ப முடியுமா என்று. காட்டைப் பார்த்தால் அதற்கு உயிர் வரும் என்று நினைத்துத்தான் அவளும் சரி என்றாள்.

"நாளைக்குப் போய்க் கூப்பிட்டுப் பாக்குறேன். என் குரலுக்கு வருவா," என்றாள்.

"கூப்பிடவே கூடாது." சிக்ஸ்டன் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தான். "பயந்துபோன நாய்க்குக் கூப்பிடுறதும் ஒண்ணுதான் துரத்துறதும் ஒண்ணுதான். நீயே எதுக்க வந்தாலும் உன்னை யாருன்னு தெரியாது அவளுக்கு. மூக்கு மட்டுந்தான் வேலை செய்யும். எங்க அவுத்துவிட்டோமோ அங்க திரும்பி வருவா. அந்த எடத்துல எஜமான் துணிய விரிச்சு வெச்சிட்டு நாம பேசாம வந்துடணும். அல்கோத்தே எத்தனை தடவ செஞ்சிருக்கார்."

அது அவளுக்கும் தெரியும். எத்தனையோ இலையுதிர்காலங்களில் அல்கோத் கோட்டில்லாமல் நடுங்கிக்கொண்டு வீடு வந்திருக்கிறார். கோட்டு எங்கே என்றால், நாய்க்குக் கொடுத்துவிட்டு வந்தேன் என்பார். விடிந்து போய்ப் பார்த்தால் நாய் அதன்மேல் சுருண்டு கிடக்கும்.

"அல்கோத் போட்டது ஏதாவது குடு. துவைக்காதது."

ஹில்லெவி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"துவைக்காதது எதுவுமில்ல," என்றாள். "எல்லாத்தையும் பெர்னிலா துவைச்சுட்டா."

பாதி உண்மை. சவ அடக்கம் முடிந்த கையோடு மகள் பெர்னிலா, யோத்தபோரி நகரத்தில் பெரிய வேலையில் இருப்பவள், வீட்டை ஒழுங்கு பண்ணுகிறேன் என்று சட்டையும் கால்சட்டையும் தொப்பியும் கையுறையும் அத்தனையையும் இயந்திரத்தில் போட்டுத் துவைத்து, மடித்து, தர்மக் கடைக்குக் கட்டிவிட்டாள். அழுக்குத் துணியைத் தானம் கொடுத்தால் குடும்ப மானம் என்னாவது என்று ஒரு வாதம். ஹில்லெவி வாயைத் திறக்கவில்லை. ஆனால் கொட்டகை ஆணியில் தொங்கிய நீல வேலைக் கோட்டை மட்டும் மகள் கண்ணில் படாமல் எடுத்து, பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயை இறுக்கிக் கட்டி, மேல்மாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள். கூட்டுறவுக் கடையில் ஊரில் பாதிப்பேர் வாங்கிய அதே நீலக் கோட்டுதான். கொட்டகைக்கு வெளியே அல்கோத் அதைப் போட்டதே இல்லை.

சாயங்காலமானால் மேலே போவாள். முடிச்சை அவிழ்ப்பாள். காலர் மடிப்பில் முகத்தை வைப்பாள். மரப்பிசின், ரம்பச் சங்கிலி எண்ணெய், உதட்டுக்கடியில் அவர் அடக்குகிற புகையிலை, அதற்கெல்லாம் அடியில் அவர் வியர்வை. நாலு மூச்சுக்கு மேல் இழுக்கமாட்டாள், தீர்ந்துபோய்விடும் என்று பயம். பையைக் கட்டிவிட்டுக் கீழே வந்தால் அன்றைக்கு ஏதாவது சாப்பிட முடியும், படுக்க முடியும். இது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் சிரிக்கமாட்டார்கள், பரிதாபப்படுவார்கள், அது அதைவிட மோசம்.

அந்தக் கோட்டைக் கொண்டுபோய் ஈரக்காட்டில் விரிப்பதா? ஒரு ராத்திரி நசநசப்பு போதும், அல்கோத் சுத்தமாகப் போய்விடுவார். அவளால் முடியவில்லை. பெர்னிலா விட்டுவைத்த கம்பளிக் கழுத்துத்துணி ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். சோப்பு வாசனை தூக்கியது. சிக்ஸ்டன் அதை முகர்ந்து பார்த்தான், அவளையும் ஒரு பார்வை பார்த்தான். போகும்போது தன் கோட்டையும் சேர்த்தே விரித்துவிட்டுப் போவதாகச் சொன்னான்.

மறுநாள் நாய் வரவில்லை. அதற்கடுத்த நாள் அசல் பனி விழுந்தது, தரை வெளுத்தது. சிக்ஸ்டன் மத்தியானம் வந்தான். இம்முறை பூட்ஸைக் கழற்றினான்.

"வந்திருக்கா," என்றான்.

ஹில்லெவி மாவுக்கையோடு எழுந்தாள்.

"தடம் இருக்கு. காட்டுலேருந்து நேரா வந்திருக்கா. துணியச் சுத்திச் சுத்தி வந்திருக்கா. என் கோட்டு மேல கால் வெக்கல, அந்தக் கழுத்துத்துணி மேலயும் வெக்கல. மோந்து பாத்துட்டுப் போயிட்டா." காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "பின்னங்கால இழுத்திழுத்து நடந்திருக்கா. பனியில கோடு விழுந்திருக்கு. இன்னும் ரெண்டு ராத்திரி இந்தக் குளிர்ல..."

முடிக்கவில்லை. முடிக்கவும் தேவையில்லை. அல்கோத் இருக்கிறாரா என்று ஒரு நொண்டி நாய் அவ்வளவு தூரம் வந்து முகர்ந்து பார்த்து, இல்லையென்று திரும்பிப் போயிருக்கிறது. ஹில்லெவி மாவைக் கழுவினாள். மாடிக்குப் போனாள். அவள் இறங்கி வர வெகுநேரம் ஆனது, சிக்ஸ்டன் காப்பியை ஆறவிட்டுக் காத்திருந்தான். வந்தவள் கட்டிய பையை அவன் முன்னால் வைத்தாள்.

"அன்னைக்கே குடுத்திருக்கணும்," என்றாள். "மனசு வரல."

சிக்ஸ்டன் பையின் முடிச்சைப் பார்த்தான். விஷயம் புரிந்தது. "யாருக்குத்தான் வரும்," என்றான்.

இரண்டு பேருமாக அவன் வண்டியில் போனார்கள். காட்டுப் பாதை தார்ரோட்டைவிட்டுப் பிரிகிற இடத்தில் லில்லோசன்காரர்களின் தபால் பெட்டிகள் ஒரே பலகையில் வரிசையாக நிற்கும். மரத்தடி ஏற்றிய லாரிகள் அந்த வளைவில் பேய் மாதிரி வரும். வண்டியை அங்கே நிறுத்தித் தபாலை எடுத்துக்கொள்ளச் சொன்னான். இறங்கியவள் பனியில் கிடந்த ஒரு குழந்தைக் கையுறையைப் பார்த்தாள், சிவப்பு. எடுத்து உதறி, பலகையின் ஓரத்து ஆணியில் மாட்டினாள். யோசித்துச் செய்கிற காரியமில்லை அது. கீழே கிடப்பதை எடுத்து, தேடி வருகிறவர் கண்ணில் படுகிற உயரத்தில் மாட்டாமல் தாண்டிப் போனால் எங்கள் ஆட்களுக்குச் சாப்பாடு இறங்காது.

நாயை அவிழ்த்துவிட்ட இடம் மேலே, பழைய கரிச்சூளைப் பள்ளத்துக்குப் பக்கத்தில். சிக்ஸ்டன் தன் கோட்டையும் கழுத்துத்துணியையும் அள்ளிக்கொண்டான். ஹில்லெவி பையை அவிழ்த்தாள். கடைசியாக ஒருமுறை முகத்தில் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்திருந்தாள். வைக்கவில்லை. இருக்கிறதெல்லாம் அதற்கே போகட்டும் என்று ஒரு ஊசியிலை மரத்தடியில் விரித்து, காலரை மேலே வருகிற மாதிரி மடித்துவிட்டாள். பக்கத்தில் பொரித்த பன்றிக்கொழுப்பு நாலு துண்டு.

"ஒரு சீட்டு எழுதி வெக்கலாமா? கோட்டத் தொடாதீங்கன்னு," என்று கேட்டான் சிக்ஸ்டன்.

"யாருக்கு எழுதணும்? பழம் பொறுக்குறதெல்லாம் முடிஞ்சுது. நம்ம குழுவ விட்டா இங்க யார் வரப் போறா?"

"ஊர்ல ஒரு வார்த்தை சொல்லியாவது வெக்கலாம். மாய்லிஸுக்காவது."

"வேணாம். அவளுக்கு இருக்குற பாரம் போதாதா."

மாய்லிஸ் பக்கத்து வீட்டுக்காரி, ஹில்லெவியோடு பள்ளிக்கூடம் போனவள். அவள் புருஷன் முதியோர் இல்லத்தில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால், நீங்கள் யார் அம்மா என்று மரியாதையாக விசாரிக்கிறானாம். அப்படிப்பட்டவளிடம் போய் நாயைக் காணோம் என்று மூக்கைச் சிந்த ஹில்லெவிக்குக் கூச்சமாக இருந்தது. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இது ஒரு வியாதி. செத்தாலும் அடுத்தவரைத் தொந்தரவு பண்ணிவிடக் கூடாது.

அன்றைக்கு மாடிக்குப் போக வேலையில்லை. அடுப்பில் விறகைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காலையில் சிக்ஸ்டனோடு போனபோது அந்த மரத்துக்குத் தள்ளியே நின்று தொலைநோக்கியில் பார்த்தார்கள். கொழுப்புத் துண்டுகளைக் காணோம். கோட்டின் நடுவில் ஒரு குழி. பனி உருகி, துணி அமுங்கி, சாம்பல் மயிர் ஒட்டிக்கிடந்தது. ராத்திரி முழுக்க ஒரு நாய் படுத்து எழுந்த குழி. ஹில்லெவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு சந்தோஷத்தில் அழுதாள்.

"நம்பிட்டா," என்றான் சிக்ஸ்டன் கிசுகிசுப்பாக. "இன்னைக்குக் கிட்டப் போகவேணாம். பகல்ல மறைஞ்சு இருப்பா, இருட்டினதும் மறுபடி வந்து படுப்பா. நாளைக்கு விடியறப்போ நீ மட்டும் போற. அவளப் பாக்காத. பேசாத. முதுகக் காட்டிக்கிட்டு அந்தப் பனியிலயே படு. அவளா வந்து உன்னை மோப்பம் பிடிப்பா."

"அறுபத்தேழு வயசுல பனியில படுக்கச் சொல்ற."

"சூடாக் காப்பி கொண்டுவரேன். போதுமா?"

அன்றைக்கு ஹில்லெவி வீட்டைத் துடைத்தாள். ரீப்பாவின் விரிப்பை வெயிலில்லாத வெயிலில் போட்டு உதறி, அடுப்புப் பக்கத்தில் விரித்தாள். மஜ்ஜை எலும்பை மறுபடி கொதிக்க வைத்தாள். கோட்டு திரும்பி வந்தால் துவைக்காமல் அப்படியே நாயின் விரிப்பாகப் போட்டுவிடுவது என்று முடிவு பண்ணினாள். ஒரு வாசனையை இரண்டு பேர் பங்கு போட்டுக்கொண்டு இருந்துவிடலாம். அப்படி நினைத்தபோது வீடு கொஞ்சம் வீடு மாதிரி இருந்தது.

மறுநாள் சாம்பல் வெளிச்சத்தில் புறப்பட்டார்கள். தபால் பெட்டி வளைவில் சிக்ஸ்டன் சட்டென்று பிரேக் போட்டான்.

பலகையின் ஓரத்து ஆணியில், சிவப்புக் கையுறைக்குப் பக்கத்தில், நீலக் கோட்டு தொங்கியது. பனி தட்டி, பொத்தான் போட்டு, காலரை நேராக்கி, அக்கறையாக யாரோ மாட்டியிருந்தார்கள். கோட்டுக்கு நேர் கீழே ரீப்பா கிடந்தது.

ரோட்டின் நடுவிலிருந்து பலகை வரைக்கும் பனியில் ஒரு தடம் இழுபட்டிருந்தது, சிவப்பாக. அடித்துவிட்டுப் போன லாரிக்காரனுக்குத் தெரிந்ததோ தெரியவில்லையோ. நாய் அதற்குப் பிறகும் அங்கே செத்துவிடவில்லை, தவழ்ந்து வந்திருக்கிறது. கோட்டின் ஒரு கை கீழே தொங்க, அதற்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு விறைத்துப் போயிருந்தது.

ஹில்லெவி அலறவில்லை. பனியில் படுத்தாள். சிக்ஸ்டன் சொல்லிக் கொடுத்த மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு படுக்கவில்லை, நாயைக் கட்டிக்கொண்டு படுத்தாள். அவள் தோள் குலுங்குவதைப் பார்க்கச் சகிக்காமல் சிக்ஸ்டன் தபால் பெட்டிப் பலகையை எட்டி உதைத்தான். ஒரு பெட்டியின் மூடி திறந்துகொண்டது.

"எவன் எடுத்து மாட்டினான்? எவனா இருந்தாலும் கண்டுபிடிக்காம விடமாட்டேன்," என்றான். அவனும் அழுதுகொண்டிருந்தான்.

ரத்தத் தடத்தின்மேல் பனியைத் தள்ளி மூடிவிட்டு, நாயை வீட்டுக்குக் கொண்டுவந்து கொட்டகைக்குப் பின்னால் குழி வெட்டினார்கள். மேல்மண் மட்டும் உறைந்திருந்தது, அதைக் கடப்பாரையால் பெயர்த்தபின் மண்வெட்டி சுலபமாக இறங்கியது. நாயைச் சுற்ற என்ன எடுத்துவர என்று சிக்ஸ்டன் கேட்டான். ஹில்லெவி கோட்டின் காலரில் முகத்தை வைத்து இழுத்துப் பார்த்தாள். ஈரப்பனி. ரத்தம். நனைந்த நாய். எவ்வளவு இழுத்தும் அதற்குமேல் ஒன்றுமில்லை. அந்தக் கோட்டிலேயே சுற்றி, பொத்தான்களைப் போட்டுவிட்டாள்.

மூடிவிட்டு வந்து கை கழுவி, காப்பி வைத்து, இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தபோது கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. மாய்லிஸ். பூட்ஸைக் கழற்றி, சுவரோரம் ஜோடியாக வைத்துவிட்டு உள்ளே வந்தாள். ஒரு கையில் ஏலக்காய் ரொட்டி டப்பா. இன்னொரு கையில் பெரிய வளையம், பச்சை ஊசியிலைக் கிளையில் கட்டியது, நடுவில் செம்பழக் கொத்து.

"புனிதர் திருநாள் வருதே, அல்கோத் கல்லறைக்குன்னு கட்டினேன்," என்றாள். "நீ தனியா என்ன பண்ணுவ, அதான். கடைக்காரன் விக்கிற சொங்கிக் கிளையெல்லாம் அவருக்குப் பிடிக்காது. அதனால முந்தாநாளு சாயங்காலம் கரிச்சூளைப் பக்கம் நானே போய் வெட்டிட்டு வந்தேன். முட்டி வலி உயிர் போகுது, இருந்தாலும் போனேன்."

சிக்ஸ்டனின் கையிலிருந்த கோப்பை பாதியில் நின்றது.

"இல்லல்ல, நேத்து," என்று மாய்லிஸ் தன்னையே திருத்திக்கொண்டாள். "புருஷனோட மறதி எனக்கும் ஒட்டிக்கிச்சு. நேத்து சாயங்காலம். அங்க பாரு, யாரோ பாவம், நல்ல கோட்டு ஒண்ணக் கீழ போட்டுட்டுப் போயிருக்காங்க. குளிர்ல கோட்டில்லாம எப்படிப் போனாங்களோ. நம்ம கடையில வாங்கின நீலக் கோட்டுதான், இருட்டுல யாருதுன்னு தெரியல. அப்படியே விட்டுட்டு வர மனசு கேக்குமா? நொண்டிக்கிட்டே கீழ வரைக்கும் தூக்கிட்டு வந்து தபால் பெட்டியில மாட்டினேன். இப்பத் தபால் எடுக்கப் போனப்போ பாத்தேன், காணோம். வந்து எடுத்துட்டாங்க போல."

சிக்ஸ்டன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழப் போனான். மேஜைக்கடியில் ஹில்லெவியின் கை அவன் மணிக்கட்டைப் பிடித்தது. கடப்பாரை பிடித்துக் கொப்புளம் கண்ட கை, இறுக்கமாகப் பிடித்தது.

"ஆமா," என்றாள் ஹில்லெவி. "எடுத்துட்டாங்க."

"உனக்குத் தெரியுமா யாருன்னு?"

"தெரியும். தேடிக்கிட்டுத்தான் இருந்தாங்க."

மாய்லிஸின் முகம் மலர்ந்தது. கொஞ்ச நாளாக அந்த முகத்தில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. "எனக்குத் தெரியும். ஒரு நல்ல காரியமாவது பண்ணினேனே இந்த வாரத்துல," என்றாள். பிறகு அடுப்புப் பக்கத்து விரிப்பைப் பார்த்தாள். "ரீப்பா எங்க? நான் வந்தா டப்பாவப் பிடுங்க வந்துடுவாளே."

ஹில்லெவி எழுந்து மாய்லிஸுக்கு ஒரு கோப்பை எடுத்தாள். காப்பியை ஊற்றினாள். துளி சிந்தவில்லை.

"போயிட்டா, மாய்லிஸ். நேத்து ராத்திரி. அந்த விரிப்புலயே, தூக்கத்துல."

மாய்லிஸ் அழுதாள். தாராளமாக, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். அல்கோத்தைத் தேடியே போய்விட்டது என்றாள். வீட்டுக்குள்ளே, கதகதப்பில், வலியில்லாமல் போயிற்றே, அந்தக் கொடுப்பினை எத்தனை பேருக்கு வாய்க்கும் என்றாள். ஹில்லெவி அவள் முதுகைத் தடவிக்கொண்டே, ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சிக்ஸ்டன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான்.

மாய்லிஸ் போனபிறகு அவன் கேட்டான், "எப்படி உன்னால முடிஞ்சுது?"

"கீழ கிடந்தா நானும் எடுத்து மாட்டியிருப்பேன், நீயும் மாட்டியிருப்ப," என்றாள் ஹில்லெவி. "அவளுக்கு இது தெரியவே கூடாது. உன் பொண்டாட்டிகிட்டகூட மூச்சு விடாத."

அவன் தலையாட்டிவிட்டுக் கிளம்பினான். வண்டிச் சத்தம் தேய்ந்ததும் வீட்டில் அடுப்பு எரிகிற சத்தம் மட்டும் இருந்தது. ஹில்லெவி டப்பாவை மூடினாள், கோப்பைகளைக் கழுவினாள், நாயின் விரிப்பை எடுத்து மடித்தாள். பிறகு மேஜைமேல் கிடந்த வளையத்தைக் கையில் எடுத்தாள். மாய்லிஸ் நெருக்கமாக, அழகாகக் கட்டியிருந்தாள். வெட்டிய காம்புகளில் பிசின் இன்னும் காயவில்லை.

முகத்தைக் கிளைகளுக்குள் வைத்து மூச்சை இழுத்தாள். பிசின் வாசனை வந்தது. அதற்கடியில் வரவேண்டியது வரவில்லை. நாலு மூச்சோடு நிறுத்தவில்லை அவள். முள்முள்ளாய் இலை கன்னத்தில் குத்தக் குத்த இழுத்துக்கொண்டே இருந்தாள்.